சோடிக்கு ஒரு பேர்

வவுனியா,
18.02.2024

அன்புள்ள வீரம்மாவுக்கு,

இராசேஸ்வரி எழுதிறன். உம்மட போனுக்கு எத்தினை தரம் அடிச்சுப் பாத்திட்டன். நிப்பாட்டி வைச்சிருக்கு எண்டுதான் சொல்லுது. எங்கட முதலுதவி அணித் தயாளினியிட்டக் கேட்டன். போனை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டா, ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை எண்டாள். அதுதான் கடிதம். கடிதம் எழுதுற தாள் வாங்க மூண்டு கடை ஏறி இறங்கினனான். "இந்தக் காலத்தில ஆருக்கு அன்ரி?" எண்டு கேட்டு ஒருத்தன் சிரிச்சவன்.

பேத்திக்கு இண்டைக்கு முப்பத்தெட்டு நாள். மருமகன் கட்டாரில வேலை, மகள் யதுர்ஷிகா தனிய. இனி நான் இங்கதான் எண்டு ஆகிப்போச்சு. ஒட்டுசுட்டான் வீட்டைப் பூட்டித் திறப்பைத் தயாளினியிட்டக் குடுத்திட்டன். பூங்கண்டுக்குத் தண்ணி விடுறாளோ தெரியேல்லை.

விசயம் இதுதான். எங்கட அதிகாரி தயாபரன் சேர் போன கிழமை போன் எடுத்தவர். ஒரு அதிகாரி மாங்குளம் அணியையும் எங்கட அணியையும் ரெண்டையும் கட்டி இழுக்க ஏலாதாம். நான் வந்திட்டபடியால் ஒட்டுசுட்டான் முதலுதவி அணியை நடத்த இப்ப ஒரு சார்ஜன்ட் இல்லை. ஏப்ரல் மாதம் முடியிறதுக்குள்ள எங்கட ஆக்களில ஒராள் சார்ஜன்டுக்கு விண்ணப்பிக்காட்டி, அணியைக் கலைச்சு மாங்குளத்தோட சேத்துப்போடுவினமாம். பிறகு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்கட முதலுதவிக் கொட்டில் எண்டு ஒண்டு இருக்காது.

ஆரைப் போடலாம் எண்டு கேட்டார். உம்மட பேரைச் சொன்னனான்.

செய்முறைச் சோதினை உமக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். மற்றது, நீர் பாத்த ஒரு சம்பவத்தை உம்மட கையெழுத்தில அறிக்கையாய் எழுதிக் குடுக்கவேணும். அவ்வளவுதான். நீர் எழுதிப் பழகவேணும் எண்டால் எனக்கு எழுதும். முத்திரை ஒட்டின கவர் ஒண்டு உள்ள வைச்சிருக்கிறன்.

உம்மட மனுசன் கணபதி அண்ணையின்ர விசயத்துக்குப் பிறகு உம்மோட நான் ஆறுதலாய் இருந்து கதைக்கேல்லை. செத்தவீட்டில கனசனம். நீர் என்னைப் பாத்த பார்வையும் எனக்கு விளங்கேல்லை. கோவம் எண்டால் கோவத்தையாவது எழுதும்.

அன்புடன்,
இராசேஸ்வரி


ஒட்டுசுட்டான்,
03.03.2024

இராசேஸ்வரி அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சது. முத்திரை வீணாப் போகக்கூடாது எண்டுதான் பதில் எழுதுறேன். நான் அஞ்சாம் வகுப்பு மட்டும்தான் படிச்சேன். எழுத்துப் பிழை இருக்கும். சிரிக்க வேணாம்.

கோவத்தை எழுதச் சொன்னீங்க. எழுதுறேன்.

அவருக்குக் கருமாதி முடிஞ்சு மூணாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பரேட். நான் வரல. தயாளினி வந்து சொல்லிச்சு, இராசேஸ்வரி அக்காவுக்கு சார்ஜன்ட் கிடைச்சிருக்கு, எல்லாரும் கை தட்டினோம் எண்டு. நல்லது எண்டேன். பிறகு அது வாய் சும்மா இருக்காமச் சொல்லிச்சு, தயாபரன் சேர் மணித்தியாலக் கணக்கை வாசிச்சாராம். உங்களுக்கு ஆயிரத்து நூத்து நாப்பது மணித்தியாலம் சேவை. எனக்கு நாப்பத்து மூணு.

நாப்பத்து மூணு.

அக்கா, பதினொரு வருசம் நாம ரெண்டு பேரும் சோடி. மடு போனோம், வற்றாப்பளை போனோம், வெள்ளத்துக்கு முத்தையன்கட்டு போனோம். எந்த டியூட்டிக்கு நீங்க போய் நான் போகல? ரத்தம் பட்ட கை என் கை. வாந்தி கழுவினது நான். நீங்க பேனையோட பக்கத்தில நிண்டீங்க. எங்க வீட்டு ஆளு நம்மைக் கண்டா "கையும் பேனையும் வந்திருச்சு" எண்டு சொல்லுவார். இப்ப பாத்தா பேனைக்கு ஆயிரத்து நூத்து நாப்பது, கைக்கு நாப்பத்து மூணு.

சரி, அதையும் விடுவோம். நவம்பர் இருவத்திரெண்டாம் திகதி காலம்பற நீங்க எங்க போனீங்க? மகளைப் பாக்க வவுனியா போறேன் எண்டு எனக்குச் சொல்லிட்டுப் போனீங்க. போனது சார்ஜன்ட் நேர்முகத்துக்கு. அதையும் எனக்குத் தயாளினிதான் சொல்லணும்.

இன்னொண்டு. நம்ம அணியில சார்ஜன்ட் பட்டி கிடைச்சா சோடிதான் சட்டையில தைச்சுக் குடுக்கிறது. உங்க பட்டியை ஆர் தைச்சது? என்கிட்ட ஊசி வரல.

என் யூனிபோமை இனிப் போடமாட்டேன். டியூட்டிக்கு முதல் நாள் அவர்தான் சிரட்டைக் கரி போட்டு அயன் பண்ணித் தருவார். எனக்கு அயன்பெட்டியைத் தொடவே விடமாட்டார். "டொக்டரம்மா கையைச் சுட்டுக்கொண்டா நாடு தாங்காது" எண்டுவார். கடைசியா அவர் அயன் பண்ணி மடிச்சது அப்படியே இருக்கு. நான் பிரிக்கல. அதை உடுத்தா கசங்கிடும்.

பேத்தி சுகமா இருக்கட்டும். பூங்கண்டுக்குத் தயாளினி தண்ணி விடல. நான்தான் விடுறேன்.

வீரம்மா


வவுனியா,
12.03.2024

அன்புள்ள வீரம்மாவுக்கு,

உம்மட கடிதத்தைக் குசினிக்குள்ள நிண்டு வாசிச்சனான். பால் பொங்கி அடுப்பில ஊத்துண்டது தெரியேல்லை. யதுர்ஷிகா ஓடிவந்து, "அம்மா, ஆர் செத்தது?" எண்டு கேட்டாள்.

முதல் நேர்முகம். ஓம், நான் பொய் சொல்லித்தான் போனனான். அணிக்கு ஒராளுக்குத்தான் பதவி உயர்வு எண்டு கடிதத்தில இருந்தது. பேர் என்ர பேர். பதினொரு வருசம் ஒண்டாய்த் திரிஞ்ச ஆளிட்ட, "நீர் இரும், நான் மட்டும் மேல போட்டு வாறன்" எண்டு எந்த வாயால சொல்லுறது? கிடைக்காட்டி உமக்குத் தெரியாமலே போகட்டும், கிடைச்சால் அண்டைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அந்தப் பொய்யுக்கு அந்த நாள்தானா அம்பிடவேணும்.

மணித்தியாலக் கணக்கு நான் திட்டம்போட்டுச் செய்ததில்லை. இதை மட்டும் நம்பும். கடமைப் புத்தகத்தில ஒரு கட்டம்தான் இருக்கு, "கடமையில் இருந்தவர்" எண்டு. அதுக்குள்ள ரெண்டு பேர் எழுத இடம் காணாது. 2012இல, முதல் டியூட்டியில, நான் கேட்டனான், உம்மட பேரைப் போடவோ என்ர பேரைப் போடவோ எண்டு. நீர் ஒரு பெடியன்ர முழங்காலைக் கட்டிக்கொண்டு திரும்பியும் பாராமல் சொன்னனீர், "ஒரு பேர் போதும் அக்கா, நாம ஒரு சோடிதானே, உங்க எழுத்து வடிவா இருக்கு" எண்டு. அண்டையில இருந்து அப்பிடியே பழகிப்போச்சு. இராசேஸ்வரி எண்டு எழுதினால் எனக்கு அதில நீரும் நானும்தான். கணக்குப் பாக்கிற தலைமைக் கந்தோருக்கு அது ஒராள். நாப்பத்து மூண்டு எண்டது நான் காய்ச்சலில கிடந்த நாளுகள். அப்ப வேற ஆக்கள் எழுதினவை.

சேர் கணக்கை வாசிக்கேக்க எனக்கும் அப்பதான் தெரியும். அந்த இடத்தில எழும்பி நிண்டு சொல்லியிருக்கவேணும். எல்லாரும் கை தட்டினவை. நான் இருந்திட்டன். அது என்ர பிழை. பழக்கத்தின்ர பிழை இல்லை, என்ர பிழை.

பழைய புத்தகம் பதினொண்டையும் தரச்சொல்லி சேரிட்டக் கேட்டிருக்கிறன். ஒவ்வொரு வரியிலும் உம்மட பேரை எழுதி, பக்கத்தில என்ர கையெழுத்து வைச்சு, தலைமைக் கந்தோருக்கு அனுப்பப்போறன். அதுக்கு நீரும் கையெழுத்து வைக்கவேணும். சேர் கொண்டுவருவார். மனுசனை வாசலோட திருப்பி அனுப்பிப்போடாதையும்.

இராசேஸ்வரி

பி.கு: பட்டியைப் பற்றிக் கேட்டனீர். பிறகு சொல்லுறன்.


ஒட்டுசுட்டான்,
25.03.2024

அக்காவுக்கு,

தயாபரன் சேர் மோட்டச்சைக்கிளில ரெண்டு உரப்பை நிறையப் புத்தகம் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துக் காணி வினோதன் தம்பி வேலியால எட்டிப் பாத்து, "என்ன சேர், உரம் வந்திருக்கா?" எண்டு கேட்டான். சேருக்கு முகம் கறுத்துப் போச்சு. நான் எத்தினையோ நாளைக்குப் பிறகு சிரிச்சேன்.

கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சொன்னார், "உங்கட அக்கா வவுனியாவில இருந்து என்ர உயிரை எடுக்கிறா. பிள்ளைக்குத் தடுப்பூசி போடுற கியூவில நிண்டுகொண்டும் போன் எடுக்கிறா" எண்டு. பிறகு, "நீங்க ரெண்டு பேரும் சண்டையை முடிச்சா நான் ஒரு தேங்காய் உடைப்பேன்" எண்டார். "எந்தக் கோயில்ல சேர்?" எண்டு கேட்டேன். "எந்தக் கோயில் கிட்டவோ அங்க" எண்டார்.

ஆயிரத்து நானூத்துப் பன்னண்டு வரி, அக்கா. ரெண்டு நாள் இருந்து கையெழுத்து வைச்சேன். வைக்க வைக்க எல்லாம் வந்திச்சு. "பெண், வயது 60, மயக்கம், தண்ணீர் கொடுத்து ஓய்வு" எண்டு நீங்க ஒரு வரி எழுதியிருக்கிறீங்க. அது நெடுங்கேணி கிழவி. மயக்கமில்ல, பசி. எங்க ஆளு எனக்குக் கட்டித் தந்த புட்டை அவளுக்குக் குடுத்தேன். "சிறுவன், கையில் வெட்டு" எண்டு இருக்கு. அவன் ஊசி எண்டா மரத்தில ஏறிடுவேன் எண்டு நம்மைப் பயமுறுத்தினவன். எல்லாத்திலயும் நான் இருக்கேன். பேர்தான் இவ்வளவு நாளும் இல்ல.

உங்க எழுத்து வடிவா இருந்திச்சு எண்டு அண்டைக்கு நான் சொன்னது உண்மைதான். எனக்கு ஞாபகம் வந்திருச்சு. அதால உங்களைக் கோவிக்கப் பாதிதான் மிச்சம் இருக்கு. நேர்முகத்துப் பாதி.

சார்ஜன்டுக்கு எண்டு சேர் விண்ணப்பப் பாரம் வைச்சிட்டுப் போயிருக்கார். நான் நிரப்பல. அறிக்கை எழுத ஏலாது அக்கா. பாம்புக்கடி, தீக்காயம் எண்டு சேர் சொல்லித் தாறார். எழுதலாம்தான். ஆனா பேனையை எடுத்து இருந்தா வேற ஒண்டுதான் வருது. அது புத்தகத்தில இல்லாத ஒண்டு. நாம பதினொரு வருசத்தில பாத்த எல்லாத்துக்கும் ஒரு வரி இருக்கு. அதுக்கு மட்டும் இல்ல. அதை எழுத என்னால முடியாது. எழுதினா நீங்க என் முகத்தில முழிக்கமாட்டீங்க.

அணியை மாங்குளத்தோட சேத்தா சேரட்டும்.

வீரம்மா


வவுனியா,
02.04.2024

அன்புள்ள வீரம்மாவுக்கு,

பிள்ளை நித்திரை. சத்தமில்லாமல் எழுதிறன்.

நான் ஏன் எப்பவும் பேனையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் எண்டு நீர் ஒருநாளும் கேட்டதில்லை. ரத்தத்துக்குப் பயம் எண்டு நினைச்சிருப்பீர். பயமும்தான். ஆனால் அது இல்லை. 2009 சண்டையில என்ர மனுசன் நடராசா போனவர். எங்க, எத்தினை மணிக்கு, ஆர் பக்கத்தில நிண்டது, தண்ணி கேட்டவரோ, ஒண்டும் தெரியாது. எழுதி வைக்க ஒரு புத்தகமும் இருக்கேல்லை. ஒரு ஆள் வந்து, "அந்தப் பக்கம் ஒராள் இருந்தவர்" எண்டு மட்டும் சொன்னவர். எனக்கு இண்டைக்கும் அந்த மனுசன்ர கடைசி நேரத்தில ஒரு வரி இல்லை.

அதாலதான் எனக்கு எழுத்து. ஒரு சனமும் எழுதாமல் விடுபடக்கூடாது எண்டு.

நீர் எழுத ஏலாது எண்டு சொல்லுறது கணபதி அண்ணையின்ர நாள் எண்டு எனக்கு விளங்குது. எழுதும். தலைமைக் கந்தோருக்கு வேண்டாம், சேருக்கு வேண்டாம். எனக்கு அனுப்பும். மணி போட்டு, நாங்கள் எழுதுற மாதிரியே எழுதும். உம்மட முகத்தில முழிக்கிறதோ இல்லையோ எண்டதை நான் சொல்லுறன், நீர் எனக்காகச் சொல்லாதையும்.

நான் ஒரு எழுத்தும் திருத்தமாட்டன்.

இராசேஸ்வரி


ஒட்டுசுட்டான்,
21.04.2024

அக்கா,

வருசப் பிறப்புக்கு நான் ஒண்டும் செய்யல. வினோதன் வீட்டில பலகாரம் குடுத்தாங்க. அதைத் திண்டுட்டு அலுமாரியைத் திறந்து போனை எடுத்துச் சார்ஜில போட்டேன். மணி பாக்கத்தான். அதில எல்லா மணியும் இருக்கு. பாத்து எழுதிட்டு, திரும்ப நிப்பாட்டி வைச்சிட்டேன்.

சம்பவ அறிக்கை

திகதி: 22.11.2023, புதன்
இடம்: எங்க வீட்டுக் கிணத்தடி
பாதிக்கப்பட்டவர்: கணபதி, ஆண், வயது 58, கமம் (வயல் வேலை)
உதவியவர்: வீரம்மா
சோடி: இல்லை

8.40 இருக்கும். யானைக்குக் காவல் இருந்திட்டு வயலால வந்தார். கிணத்துக் கட்டில இருந்து கால் சேறு கழுவினார். நெஞ்சு எரியுது, பால் விடாமப் பிளேன்ரீ ஒண்டு வை எண்டார். முகம் வேர்த்திருந்திச்சு. மழை நேரத்தில வேர்க்குதே எண்டு நான் யோசிக்கல. யோசிச்சிருக்கணும். குசினிக்குப் போனேன்.

8.44 வாளி விழுந்த சத்தம். ஓடி வந்தேன். பக்கவாட்டில கிடந்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். பேச்சில்ல. மூச்சில்ல. மல்லாத்திப் போட்டேன்.

8.46 வீட்டுக்கு இருக்கிற ஒரே போன் அவர் சேர்ட் பொக்கெற்றில இருந்திச்சு. எடுத்து இராசேஸ்வரி அக்காவுக்கு அடிச்சேன். சத்தமா வைச்சு, போனைச் சீமெந்தில வைச்சிட்டு நெஞ்சை அமத்தத் தொடங்கினேன். மணி அடிச்சு நிண்டிச்சு.

8.47 திரும்ப அக்காவுக்கு அடிச்சேன்.

8.49 திரும்ப அக்காவுக்கு.

8.52 அம்புலன்சுக்கு அடிச்சேன்.

முதலே ஏன் அம்புலன்சுக்கு அடிக்கல எண்டு ஆரும் கேட்டா, பதில் இதுதான். பதினொரு வருசமா நான் கையை வைப்பேன், அக்கா போன் எடுப்பா. நான் தலையைத் தூக்கிப் பாக்கவே மாட்டேன். அம்புலன்ஸ் வரும். அது எங்கட வேலை செய்யிற முறை. அண்டைக்கும் கை அப்படித்தான் செஞ்சது. அக்கா ஊரில இல்ல எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மூணு முறை அடிச்சேன். ஆறு நிமிசம்.

முப்பது அமத்து, ரெண்டு ஊது. ஒரு விலா எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டிச்சு. நிப்பாட்டல.

9.10 சத்தம் கேட்டு வினோதன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினோட வந்தான். மதகடியில ரோட்டில மூணு யானை நிக்குதாம், அம்புலன்ஸ் அங்கால நிக்குதாம். மெசின் பெட்டியில ஏத்தினோம். போற வழி முழுக்க அமத்தினேன். வினோதன் யானைகளுக்குப் பக்கத்தால, லைற்றைப் போட்டுக் கத்திக்கொண்டு ஓட்டினான்.

9.40 அம்புலன்ஸ்காரர் பொறுப்பெடுத்தாங்க. என் கை விரியல. அந்தத் தம்பிதான் ஒவ்வொரு விரலா விரிச்சு விட்டான்.

10.20 ஆசுப்பத்திரி. முடிஞ்சிருச்சு எண்டாங்க.

முடிவு: பிழைக்கல.
குறிப்பு: பிளேன்ரீ அடுப்பிலயே இருந்திச்சு.

அக்கா, இதுதான். ஊர்ல எல்லாரும் நான் ஒரு மணித்தியாலம் தனிய அமத்தினேன் எண்டு பெரிசாச் சொல்லுறாங்க. ஆறு நிமிசத்தை ஆருக்கும் தெரியாது. உங்களோட கோவம் எண்டு அஞ்சு மாசமா நினைச்சேன். எழுதி முடிச்சுப் பாத்தா, நீங்க போன் எடுத்திருந்தா ஆறு நிமிசம் எண்டு ஒண்டு இருந்திருக்காது எண்டதுக்குத்தான் உங்களைக் கோவிச்சிருக்கேன். என் பிழையை உங்க தலையில வைச்சிருக்கேன்.

இப்ப சொல்லுங்க.

வீரம்மா


வவுனியா,
26.04.2024

என்ர வீரம்மாவுக்கு,

ஒரு எழுத்தும் திருத்தேல்லை. ஆனால் உம்மட அறிக்கையில "சோடி: இல்லை" எண்டு இருக்கு. சோடி இருந்தது. அதின்ர அறிக்கையை நான் எழுதிறன்.

திகதி: அதே நாள்
இடம்: வவுனியா, நேர்முக அறை
சோடி: இராசேஸ்வரி

8.46 கைப்பை கதிரைக்குக் கீழ. போன் சத்தமில்லாமல் வைச்சிருந்தனான். எனக்கு முன்னால மூண்டு பேர். நடுவில இருந்தவர் கேட்டார், "முதலுதவி செய்யிறவர் தனிய நிண்டால் முதல் என்ன செய்யவேணும்?" நான் சொன்னனான், "உதவிக்கு ஆளைக் கூப்பிடவேணும் சேர்." நல்ல பதில் எண்டு தலையாட்டி எழுதினவர். அந்த நேரம் நீர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தனீர்.

9.20 வெளிய வந்தன். போனைப் பாக்கேல்லை. பஸ் ஸ்ராண்டில ரோல்ஸ் ஒண்டும் தேத்தண்ணியும். நல்லாய்ச் செய்திட்டன் எண்டு சந்தோசம்.

10.15 உம்மட மூண்டு அழைப்பையும் கண்டன். நான் எங்க நிக்கிறன் எண்டு பிடிபட்டுப்போச்சு, அதுதான் அடிக்கிறீர் எண்டு நினைச்சு, என்ன பொய் சொல்லுவம் எண்டு யோசிச்சுப்போட்டுத்தான் திருப்பி அடிச்சனான். நீர் எடுக்கேல்லை. அந்தப் பொய்யை நான் ரெண்டு நிமிசம் நிண்டு யோசிச்சனான், வீரம்மா.

செத்தவீட்டில நீர் என்னைப் பாத்தது இதைத்தான் எண்டு நினைச்சன். மூண்டு அழைப்பைப் பற்றி நீர் கேப்பீர் கேப்பீர் எண்டு பயந்துதான் நான் கிட்ட வரேல்லை.

இங்க இதய டொக்டர் ஒருவர் இருக்கிறார், பேத்தியைக் காட்டப்போன இடத்தில அறிமுகம். ஆற்றை பேரும் சொல்லாமல் கேட்டனான், ஆறு நிமிசம் முந்தி அடிச்சிருந்தால் அந்த ஆள் தப்பியிருப்பாரோ எண்டு. ரோட்டில யானை நிண்டதையும் சொன்னனான். உமக்கு ஆறுதல் வாற பதில் வேணும் எண்டு நேர்ந்துகொண்டு நிண்டனான். அவர் சொன்னது, "சொல்ல ஏலாது அம்மா." அதைத்தான் எழுதிறன். பொய் எழுத இனி எனக்கு மனமில்லை. பிறகு அவர், "தனிய ஒரு ஆளோ அவ்வளவு நேரம் அமத்தினது?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையைக் கீழ வைச்சிட்டார்.

உம்மட முகத்தில முழிக்கிறதோ எண்டு கேட்டனீர். நீர் விட்டால் விடியக்காலமை முதல் பஸ்ஸில வருவன்.

பட்டி. அது இன்னும் அந்தக் கடுதாசி உறைக்குள்ளதான் கிடக்கு. தைக்கேல்லை. ஆரைக்கொண்டு தைக்கிறது?

விண்ணப்பத்துக்கு இன்னும் நாலு நாள். ஒரு அறிக்கை கட்டாயம். சேர் சொல்லுறார், கணபதி அண்ணையின்ரதை அனுப்புறது எண்டால் அந்த மூண்டு அழைப்பையும் எடுத்துப்போட்டு அனுப்பட்டாம், இல்லாட்டி விழுத்திப்போடுவினமாம். நான் ஒண்டும் சொல்லமாட்டன். பேனை இப்ப உம்மட கையில.

இராசேஸ்வரி


ஒட்டுசுட்டான்,
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாசமா பதில் போடல எண்டு கோவிச்சிருப்பீங்க. சொல்லுறதுக்கு எல்லாம் சேரட்டும் எண்டு இருந்தேன்.

முப்பதாம் திகதி சேரின்ர வீட்டுக்கே நடந்து போய்ப் பாரத்தைக் குடுத்தேன். உங்களுக்கு எழுதினதை அப்படியே பாத்து எழுதினேன். 8.46, 8.47, 8.49 எல்லாம் இருந்திச்சு. சேர் வாசிச்சிட்டு, "வீரம்மா, இது வேணுமா?" எண்டார். "அவருக்கு இருக்கிறது இந்த ஒரு அறிக்கைதான் சேர், அதில நான் களவு எடுக்கமாட்டேன்" எண்டேன். மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

மாங்குளத்தில செய்முறைச் சோதினை. சோதினை எடுத்தவங்க ஒரு அம்மா, என்னைவிட வயசு குறைவு. என் அறிக்கை அவங்க மேசையில இருந்திச்சு. கட்டுப் போடச் சொல்லல, ஒண்டும் சொல்லல. முதல் கேள்வியே, "இப்ப தனிய நிண்டா முதல் என்ன செய்வீங்க?" சொன்னேன், "ஊர் கேக்கச் சத்தம் போடுவேன் அம்மா. அம்புலன்சுக்கு நானே அடிப்பேன். அதுக்குப் பிறகுதான் கையை வைப்பேன். இனிக் கையை நம்பி இருக்கமாட்டேன்." அவங்க அறிக்கையைத் திருப்பி வைச்சிட்டு, "சரி, இப்ப கட்டுப் போட்டுக் காட்டுங்க" எண்டாங்க. அவ்வளவுதான்.

கிடைச்சிருச்சு அக்கா. அணியும் இருக்கு.

பொங்கலுக்கு முதல் நாள் அவர் மடிச்சு வைச்ச யூனிபோமைப் பிரிச்சேன். கன நேரம் மடியில வைச்சுக்கொண்டு இருந்தேன். மடிஞ்ச இடமெல்லாம் மஞ்சளா ஒரு கோடு விழுந்திருச்சு, தோய்ச்சுத்தான் போடணும். தோய்ச்சேன். சிரட்டைக் கரி போட்டு நானே அயன் பண்ணினேன். கை மடிப்பு ரெண்டா விழுந்திருச்சு. அவர் பாத்திருந்தா, "டொக்டரம்மா ரோட்டை ரெண்டாப் போட்டிருக்கா, யானை ஒண்டு, பஸ் ஒண்டு போகலாம்" எண்டிருப்பார். அழுதுட்டுச் சிரிச்சேன். சிரிச்சிட்டு அழுதேன். எது முதல் எண்டு மறந்திருச்சு.

நம்ம கொட்டில் போன முறை நிண்ட அதே இடம். அறுவத்தொரு பேரைப் பாத்தோம். தயாளினிதான் என் சோடி. பொங்கல் பானை ஏத்துற நேரம் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு வந்து இருந்தார். முகம் வேர்த்திருந்திச்சு. தயாளினி பழக்கத்தில பேனையை எடுத்திச்சு. "வை அதை, நீ அவரைச் சாய்ச்சு இருத்து" எண்டு சொல்லிட்டு, நானே போனை எடுத்து அம்புலன்சுக்கு அடிச்சேன். எந்த வாசல், எந்தப் பக்கம் எண்டு எல்லாம் நானே சொன்னேன். என் குரல் எனக்கே புதுசா இருந்திச்சு. கொண்டு போனாங்க. அடுத்த நாள் ஆசுப்பத்திரி வாட்டில இருந்து சோறு உப்பில்ல எண்டு சண்டை பிடிச்சாராம். மகன் வந்து சொன்னான்.

அந்த வரியை நான்தான் எழுதினேன். கட்டம் சின்னன்தான். சின்னதா எழுதினா ரெண்டு பேரும் கொள்ளுது அக்கா. வீரம்மா, தயாளினி. அறுவத்தொரு வரியிலயும் ரெண்டு பேர். எழுத்து வடிவில்ல. வாசிக்கலாம்.

என் பட்டியும் கவருக்குள்ளதான் இருக்கு. பொங்கலுக்கு ஊசி குத்தித்தான் போட்டேன். தயாளினி தைச்சுத் தாறேன் எண்டு நிண்டிச்சு. விடல. உங்கடதையும் எடுத்துக்கொண்டு வாங்க. யதுர்ஷிகாவையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாங்க. உங்கடதை நான் தைக்கிறேன், என்னுடையதை நீங்க தைங்க. நூல் கறுப்பு வாங்கி வைச்சிருக்கேன். நீங்க தைச்சா கோணும், அதுக்குப் பரவாயில்ல. பூங்கண்டும் பூத்திருக்கு.

பொங்கலுக்கு நான் அடிச்சது எங்க ஆளு போன்தான். டியூட்டிக்குப் போன் இல்லாமப் போகக்கூடாது எண்டு எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து அலுமாரிக்குள்ள வைக்கல. குசினியில ஆணி அடிச்சு மாட்டி வைச்சிருக்கேன். சார்ஜ் இருக்கு.

இனி அடிச்சா எடுப்பேன் அக்கா. ஆனா இந்தக் கடிதத்தை வாசிச்சு முடிச்சிட்டு அடிங்க. ஒரு தரம் அடிச்சாப் போதும்.

உங்க சோடி,
வீரம்மா